படிக்கதவு: 2020 வசந்தகால நாட்குறிப்பு

18 மார்ச் 2020, புதன்

பிரதமர் ஜோன்சன் மாலையில் அறிவித்துவிட்டார். கொரோனா பரவுவதால் வெள்ளிக்கிழமையோடு இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்கள் மூடப்படும்; நேர்சரிகளும், எங்களைப் போல வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும். மருத்துவத் துறையினர், பொலிசார், கடைப் பொருட்களை ஏற்றிச் செல்லும் சாரதிகள் போன்றோரின் பிள்ளைகளை மட்டும் தொடர்ந்து பார்க்கலாம். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அறிவிப்பு முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் நான்கு தாய்மார் தொலைபேசியில் அழைத்தார்கள். நால்வரும் கேட்டது ஒன்றையே: நீங்கள் திறந்திருப்பீர்களா? நாளைக்குச் சொல்கிறேன் என்று நால்வருக்கும் சொன்னேன்.

மேல் அறையில் மாமி இருமினார். வெறும் தொண்டைச் செருமல்தான். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

19 மார்ச், வியாழன்

இவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை.

20 மார்ச், வெள்ளி

முக்கிய வேலையாளர்கள் யார் யார் என்ற பட்டியல் வந்துவிட்டது. எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேர், அவர்களில் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் மூவர், ஒரு வயதுக்குக் குறைந்தவர் ஒருவர், இதற்கு மேல் பார்க்கக் கூடாது என்ற கணக்கோடு பதினொரு வருடங்களாக வாழ்ந்து வருகிறேன். இன்று அந்தக் கணக்கு எதற்கும் உதவவில்லை. எஞ்சுவோர் மூவர். தாதியின் மகனுக்கு இரண்டு வயது. பஸ் சாரதியின் மகளுக்கு ஏழு வயது, அவளுடைய தம்பிக்கு மூன்று வயது. அவர்களுடைய தாய் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார்.

மற்ற மூவரையும் பின்னேரம் அனுப்பிவைத்தேன். தண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு, அன்னையர் தினத்துக்குச் செய்த அட்டை எல்லாவற்றையும் பைகளில் போட்டுக் கொடுத்தபோது, உணவகத்தில் வேலை செய்யும் தாய் மாத முற்பணத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருடைய உணவகம் இன்றிரவோடு மூடப்படுகிறது. இப்போது வேண்டாம் என்றேன்.

தாதி கடைசியாக வந்தார். "சேச்சி, நீங்கள் இல்லை என்று சொன்னால் நான் வேலைக்குப் போக முடியாது" என்றார். அவர் கெஞ்சவில்லை, உள்ளதைச் சொன்னார். அதனால்தான் மறுக்க முடியவில்லை.

22 மார்ச், ஞாயிறு

துணிப் பொம்மைகள் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டிப் பரணில் ஏற்றினோம். கழுவித் துடைக்கக்கூடிய மரக்கட்டைகளையும் பிளாஸ்டிக் மிருகங்களையும் மட்டும் வைத்துக்கொண்டேன். மூவருக்கும் மூன்று நிறக் கிண்ணங்கள், மூன்று துவாய்கள், மூன்று பென்சில் பெட்டிகள். முன்கதவுக்கு வெளியே சப்பாத்துத் தட்டு.

படிக்கட்டின் அடியில் இருக்கும் சின்னக் கதவு, தவழும் பிள்ளைகள் மேலே ஏறி விழாமல் இருப்பதற்காகப் போட்டது. இன்று முதல் அது மாமி கீழே இறங்காமல் இருப்பதற்காக. காலை ஏழரையிலிருந்து கடைசிப் பிள்ளை போய், நான் தரையைத் துடைத்து முடிக்கும்வரை அவர் மேலேயே இருப்பார். நான் இதைச் சொன்னபோது மாமி, "பங்கருக்குள்ளே மாசக்கணக்கா இருந்தனான் பிள்ளை, கட்டில் போட்ட அறையிலே இருக்க மாட்டேனா?" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

23 மார்ச், திங்கள்

காலை ஒன்பது மணிக்கு ஜோ விக்ஸ் என்பவர் யூடியூபில் நடத்தும் உடற்பயிற்சிக்கு மூவரும் துள்ளினார்கள். இரவு எட்டரைக்கு நாடு முழுவதும் வீட்டிலிருக்கும்படி உத்தரவு. என் வீடு மட்டும் நாளை காலை ஏழரைக்குத் திறக்கும்.

26 மார்ச், வியாழன்

சுயதொழில் செய்வோருக்கு உதவித்தொகை என்று நிதியமைச்சர் சுனாக் அறிவித்தார். கடந்த மூன்று வருடச் சராசரி இலாபத்தில் 80 சதவீதம், மாதத்துக்கு 2,500 பவுணுக்கு மேற்படாமல், மூன்று மாதங்களுக்கு. கேட்டவுடன் பெருமூச்சு விட்டேன். பிறகு பழைய கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் தளபாடத் தேய்மானத்துக்கு வருமானத்தில் பத்து சதவீதம், வீட்டுச் சூடாக்கலிலும் மின்சாரத்திலும் ஒரு பங்கு, வாடகையிலும் தண்ணீரிலும் ஒரு பங்கு என்று வரித்துறை அனுமதித்தபடி கழித்த பிறகுதான் இலாபம் என்று ஒரு தொகை மிஞ்சும். வரி கட்டும்போது நன்மையாக இருந்த அந்தச் சிறிய தொகையின் எண்பது சதவீதம்தான் இனி எங்கள் சாப்பாடு. நாங்கள் எதையும் மறைக்கவில்லை. வீட்டையே தொழிற்கூடமாக்கியவர்களின் கணக்கு இப்படித்தான் இருக்கும் என்பதை யாராவது அங்கே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளூராட்சி சபை இலவசப் பராமரிப்பு மணித்தியாலங்களுக்குத் தரும் பணம் நிற்காது என்பது ஓர் ஆறுதல். ஆனால் அது என்னிடம் ஒரு பிள்ளைக்குத்தான்.

இரவு எட்டு மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்காகத் தெருவெங்கும் கைதட்டினார்கள். தாதியின் மகன் நித்திரையாக இருந்தான். அவர் இன்னும் வேலை முடிந்து வந்திருக்கவில்லை.

29 மார்ச், ஞாயிறு

கதவுப்பிடி, தண்ணீர்க் குழாய், படிக்கதவின் தாழ்ப்பாள். இன்று யாருமே வரவில்லை. இருந்தும் மூன்று தடவை துடைத்தேன்.

3 ஏப்ரல், வெள்ளி

கிழக்கு லண்டனின் எக்செல் கண்காட்சி மண்டபத்தில், கொரோனா நோயாளிகளுக்கான தற்காலிக நைட்டிங்கேல் ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டார்கள். கண்காட்சிகளுக்குப் போகும் இடமாகத்தான் எங்கள் பகுதியினர் அதை நினைத்திருந்தோம்.

இன்று வாசலில் நடந்ததை எழுதாமல் படுக்க முடியாது. தாதி இரவு எட்டே காலுக்கு வந்தார். மூக்கின் மேலும் கன்னங்களிலும் முகக்கவசம் பதிந்த சிவந்த கோடுகள் இருந்தன. சின்னவன் விழித்துக்கொண்டு "அம்மே" என்று ஓடினான். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வேலையிடத்தில் உடுப்பு மாற்றித்தான் வந்திருக்கிறார், ஆனாலும் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகுதான் தூக்குவாராம். பையன் நின்றான், என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு தன் கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துவிட்டான். இருவரும் அப்படியே காருக்கு நடந்தார்கள்.

8 ஏப்ரல், புதன்

கோதுமை மா எந்தக் கடையிலும் இல்லை. பிள்ளைகள் பிசைந்து விளையாடும் மாவுக்கு ஒரு கோப்பை மா, அரைக் கோப்பை உப்பு, கொஞ்சம் எண்ணெய், வெந்நீர் வேண்டும். அதையும் இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பிசைந்து, வெள்ளிக்கிழமைகளில் எறிந்துவிடுகிறேன். ரொட்டிக்கு இல்லாத மாவை எறிவதா என்று மனம் சுடுகிறது. ஆனால் அந்த மா உருண்டை இல்லாவிட்டால் மூன்று வயதுக்காரன் பகல் பதினொரு மணியிலிருந்து கதவருகே போய் நிற்கிறான். மாமி தன் அறையில் வைத்திருந்த வறுத்த மாவில் ஒரு பையைக் கயிற்றில் கட்டிப் படிக்கதவுக்கு மேலால் இறக்கினார். வறுத்த மா பிசைபடாமல் உதிர்ந்தது. பிள்ளைகள் அதை மணல் என்று வைத்துக்கொண்டு, தட்டில் வீதிகள் கீறிப் பஸ் ஓட்டினார்கள். ஒன்றரை மணித்தியாலம் வீட்டில் ஒரு சண்டையும் இல்லை.

11 ஏப்ரல், சனி

பூங்காவின் ஊஞ்சல்களைச் சங்கிலியால் கட்டிப் பூட்டியிருக்கிறார்கள்.

14 ஏப்ரல், செவ்வாய்

சார்வரி வருடப் பிறப்பு. கோவில் பூட்டு. மாமி படியின் உச்சியில் கதிரை போட்டு அமர்ந்து, கைவிசேஷக் காசுகளைக் கடதாசியில் சுற்றிக் கீழே உருட்டினார். பெரியவள் அவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டு, இருபது வரை எண்ணித் தேய்த்துக் கழுவி, தம்பிக்கும் சின்னவனுக்கும் பங்கு பிரித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு மாமி காகமும் வடையும் கதை சொன்னார். காக்கா என்ற சொல் வரும்போதெல்லாம் மலையாளத்துச் சின்னவனும் மேலே பார்த்துக் கையைக் காட்டினான். இனி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இதுதான் எங்கள் ஒழுங்கு.

20 ஏப்ரல், திங்கள்

லண்டன் பஸ்களில் இன்றிலிருந்து நடுக்கதவால்தான் ஏற வேண்டும். இத்தனை சாரதிகள் இறந்த பிறகு. பெரியவள் தகப்பனின் பஸ்ஸை வரைந்து முன்கதவில் பெரிய சிவப்புப் புள்ளடி போட்டிருக்கிறாள்.

28 ஏப்ரல், செவ்வாய்

சின்னவனுக்கு 38.2. பகல் ஒரு மணி பத்து நிமிடம். பதிவேட்டில் எழுதினேன், தாய்க்கு அறிவித்தேன், அவனை முன்னறையில் ஜன்னலைத் திறந்துவைத்து மடியில் கிடத்திக்கொண்டேன். தள்ளி இரு என்று இரண்டு வயதுக் காய்ச்சல்காரனுக்கு எப்படிச் சொல்வது? இரண்டு மீற்றர் என்பது என் தொழிலில் இல்லாத அளவு.

நேற்றுத்தான் பிள்ளைகளின் உடம்பில் அழற்சி ஏற்படுத்தும் புதிய நோய் ஒன்றைப் பற்றி வைத்தியர்களுக்கு எச்சரிக்கை போயிருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். அதனால் அவன் உள்ளங்கைகளைப் பார்த்தேன், கண்களைப் பார்த்தேன், வயிற்றைத் தடவிப் பார்த்தேன், பத்து நிமிடத்துக்கொரு முறை மறுபடியும் பார்த்தேன். அவனுக்கு இது வந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். எனக்கு வந்திருந்தால் நான் தினமும் மூன்று வேளை சாப்பாட்டுத் தட்டை வைக்கும் மேல்படிக்கும் போயிருக்கும். மற்ற இருவரின் தாய்க்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக மாட்டார், அங்கே ஏற்கெனவே ஆட்கள் குறைவு. சொல்லாமல் இருப்பது பாவம். சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "நன்றி அக்கா" என்று வைத்துவிட்டார்.

நோயாளிக்கு ஏழு நாள், அதே வீட்டாருக்குப் பதினான்கு நாள். நான் எந்த வீட்டார்?

இன்று மாமிக்குச் சாப்பாட்டை இவர்தான் கொண்டுபோனார். மாமி ஏன் என்று கேட்கவில்லை.

29 ஏப்ரல், புதன்

வீட்டில் பிள்ளைகள் இல்லை. மாமி படியின் உச்சியில் வந்து அமர்ந்து, கதை சொல்ல ஆளில்லாமல் எழுந்து போனார்.

1 மே, வெள்ளி

தாதிக்கு வேலையிடத்தில் எடுத்த பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது: தொற்று இல்லை. சின்னவனுக்குக் காதில் கிருமி என்று வைத்தியர் மருந்து கொடுத்திருக்கிறார். தொலைபேசியை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

இரவுச் செய்தியில் நாங்கள் இருக்கும் லண்டன் பகுதியான நியூஹாம். மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரை ஒரு லட்சம் பேருக்கு 144.3 கொரோனா மரணங்கள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதுவே மிக அதிகம். இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார், மேலே கேட்டுவிடும் என்று.

13 மே, புதன்

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். தொகையைத் திரை காட்டியது. எழுத மனமில்லை.

இன்றிலிருந்து ஒரே ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும், அவர்கள் யாராக இருந்தாலும், எங்கள் போன்றோர் பார்க்கலாமாம். ஏற்கெனவே முக்கிய வேலையாளர்களின் பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு அது பொருந்தாது. உணவகத் தாய்க்கு இதை விளக்கினேன். "பரவாயில்லை அக்கா, எனக்குத்தான் இப்போது வேலை இல்லையே" என்றார்.

21 மே, வியாழன்

சின்னவன் இன்று "அம்மே" என்று என்னை அழைத்தான். தாயிடம் சொல்லவில்லை.

31 மே, ஞாயிறு

நாளையிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் வரலாம். ஐவர் வருகிறார்கள். உணவகத் தாயின் மகள் வரமாட்டாள். அவர்கள் லெஸ்டருக்குப் போகிறார்கள். அவளுடைய கொழுக்கியில் பெயர்த்துண்டை உரிக்கப் போனேன், பசை விடவில்லை, பாதி கிழிந்து நிற்கிறது.

பரணிலிருந்து பொம்மைகளை இறக்குவதா என்று இவர் கேட்டார். இன்னும் இல்லை. ஐந்து கிண்ணம், ஐந்து துவாய். மாமியைப் பற்றி இவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு எழுபது நாள் மேலே இருந்தவரை, ஐந்து பிள்ளைகளுக்கு எத்தனை நாள் இருக்கச் சொல்வது? தாழ்ப்பாளின் வெள்ளைப் பூச்சு துடைத்துத் துடைத்துப் போய், உள்ளே இரும்பு தெரிகிறது. சிறிது எண்ணெய் போட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும்.