பொலோன்யாவில் வாய்மொழித் தேர்வு: சட்டை ஏன் நனையவில்லை?

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் தேர்வு பெரும்பாலும் வாய்மொழிதான். பேராசிரியர் எதிரே உட்கார வேண்டும். பின்னால் மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண் 30க்கு, தேர்ச்சிக்கு 18. பொலோன்யாவில் நகர வரலாற்றுத் தாளுக்கு நான் நம்மூர் பாணியில்தான் தயாரானேன்: ஆண்டுகளை எழுதிச் சுவரில் ஒட்டி, பல் தேய்க்கும்போதும் ஒப்பித்து.

முதல் கேள்வி, "வெளியே மழை. இருபது நிமிடம் நடந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் சட்டை ஏன் நனையவில்லை?"

முழித்தேன்.

விடை என் தலைக்கு மேலேயே இருந்தது. அந்த ஊரில் தெரு ஓரமெல்லாம் வளைவுகள் வைத்த நடைக்கூடங்கள். மொத்தம் சுமார் 62 கிலோமீட்டர். மாணவர்கள் வந்து குவிந்து இடம் போதாமல் போனதும், வீட்டு மாடியைத் தெருப்பக்கம் நீட்டி மரத்தூண் கொடுத்து நிறுத்தினார்கள். 1288இல் புது வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு! 2021இல் இந்த நடைக்கூடங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தன. '1288' என் சுவரில் இருந்தது. நனையாத சட்டையோடு அதைச் சேர்க்கத் தெரியவில்லை. 19 கொடுத்தார். அங்கே மதிப்பெண்ணை மறுத்துவிட்டு மறுபடி வரலாம். மறுத்தேன்.

அப்புறம்தான் குறிப்பேட்டோடு நடக்க ஆரம்பித்தேன். பல்கலைக்கழகம் முன்பு இயங்கிய ஆர்க்கிஜின்னாசியோ கட்டடத்துக்குப் போங்கள். சுவர், கூரை எங்கும் பழைய மாணவர்களின் குலச்சின்னங்கள். 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்துக்கு எங்கெங்கிருந்து ஆள் வந்தார்கள் என்பது அங்கே நின்றால் புரியும். தொடக்கத்தில் மாணவர்களே ஆசிரியர்களை அமர்த்திச் சம்பளம் கொடுத்த ஊர் அது என்பதை (எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி) தேர்வில் விடாமல் சொல்லுங்கள்.

கோடை இரவில் பெரிய சதுக்கத்தில் திரை கட்டி இலவசமாகப் பழைய படங்கள் போடுவார்கள். படிப்பு கெடும் என்று தவிர்க்க வேண்டாம். பக்கத்து நாற்காலிப் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தால் உங்கள் இத்தாலிய மொழிக்கும் பயிற்சி. இன்னொன்று, உங்கள் முறைக்கு முன்னால் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் தேர்வைக் கேளுங்கள். யாரும் தடுப்பதில்லை.

இரண்டாம் முறை, "இந்த ஊரை ஏன் சிவப்பி என்கிறார்கள்?" என்றார். செங்கல் சுவரையும் ஓட்டுக்கூரையையும் சொன்னேன். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல பத்தாண்டுகள் நகராட்சியை நடத்திய கம்யூனிஸ்டுகளையும் சொன்னேன். பேனாவை எடுத்து 28 போட்டார்.