ஸ்டென்ட்டுக்கு அட்டை இருக்கிறது, மாத்திரைக்கு?

வைத்தியத்தில் எதற்கு அரசு செலவு செய்ய வேண்டும், எதற்கு நம் கையிலிருந்து கொடுக்கலாம் என்று பேச்சு வந்தாலே எங்கள் பக்கம் எல்லாரும் முதலில் சொல்வது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைத்தான். அஞ்சு லட்சம் வரை இருக்கு, இதய ஆபரேஷன் இருக்கு, காது கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி வைப்பதுகூட இருக்கு, அப்புறம் என்ன குறை என்பார்கள். எனக்கும் அந்தத் திட்டத்தின் மேல் பெரிய மதிப்பு உண்டு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் பெயரும் நிறுவனமும் மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, எந்த ஆட்சி வந்தாலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உயிர் பிழைத்தவர்களை எங்கள் தெருவிலேயே எண்ணலாம். ஆனால் அந்த அட்டை வேலை செய்வது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான், வீட்டுக்கு வந்த பிறகு மனிதன் தனியாகத்தான் நிற்கிறான். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அண்ணன் தையல் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற சீசனில் ராத்திரி பதினொரு மணி வரை மெஷின் சத்தம் கேட்கும். அவருக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள், அட்டையைக் காட்டியதும் ஒப்புதல் வந்தது, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் குழாயான ஸ்டென்ட்டை வைத்து அனுப்பினார்கள். ஆபரேஷனுக்கு என்று வீட்டில் யாரும் நகையை அடகு வைக்கவில்லை. அது சாதாரண விஷயம் இல்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆறு மாத்திரை எழுதியிருந்தது. ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. எல்லாம் கம்பெனி பெயர் போட்டு எழுதியவை. தெரு முனை மெடிக்கலில் மாதம் 1,800 ரூபாய் வரை ஆனது. தையல் மெஷினை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் வருமானமும் பாதியாகிவிட்ட நேரம் அது. முதல் மூன்று மாதம் ஒழுங்காக வாங்கினார். அப்புறம் பதினைந்து நாளுக்கு வாங்கி அதை ஒரு மாதத்துக்கு இழுத்தார், அப்புறம் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டார். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தினால் அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைப்பு வரலாம் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவருக்கு அதுதான் நடந்தது. ஒரு வருடத்துக்குள் மறுபடி மருத்துவமனை, மறுபடி அட்டை, மறுபடி ஒப்புதல். ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, கடையை மூடிவிட்டார்கள்.

கணக்குப் பார்த்தால் அரசு இரண்டு தடவை பெரிய தொகை கொடுத்தது. நடுவில் கொடுக்க வேண்டிய சின்னத் தொகையைக் கொடுக்க வழி இல்லாமல் போனது. சில சிகிச்சைகளுக்குக் குறிப்பிட்ட காலம் வரை தொடர் சிகிச்சையும் திட்டத்தில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் இந்த மாத்திரைகளில் சிலவற்றை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஆயுள் முழுக்க என்பதற்குத் தனியார் மருத்துவமனையில் அட்டை கிடையாது.

இதில் என்னைக் கோபப்படுத்துவது வேறு ஒன்று. அந்த மருந்துகள் அரசிடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது, மாநிலத்துக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வாங்கி, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கேரளாவும் ராஜஸ்தானும் இதே மாதிரிக் கழகங்களைத் தொடங்கின. ஜி.எச்.சில் தருகிற மாத்திரைக்கு "பவர் இல்லை" என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம் நான் சண்டை போடாத நாள் குறைவு. வெள்ளை அட்டையில் வருகிறது, பெட்டி இல்லை என்பதற்காக மருந்து வேறாகிவிடாது.

சரி, அப்படியானால் அண்ணன் ஏன் அங்கே போய் வாங்கவில்லை? டிஸ்சார்ஜ் செய்த இடத்தில் யாரும் சொல்லவில்லை என்பது ஒன்று. சீட்டில் இருந்த கம்பெனிப் பெயரும் அரசு மருந்தகத்தில் இருக்கிற பெயரும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல், ஓ.பி. வரிசை. காலையில் ஏழு மணிக்குப் போனால் சீட்டுப் போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்துக்கு நின்று வெளியே வர மதியம் ஆகிவிடும், அன்றைய வேலை போச்சு, கூடப் போன அண்ணிக்கும் வேலை போச்சு. இலவசம் என்று எழுதியிருக்கும் ஒன்றுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் ஏழைக்கு அது இலவசம் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. எங்கள் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை இன்று வீட்டு வாசலுக்கு வருகிறது, கொண்டுவருகிற அக்காவே கையில் பட்டையைக் கட்டி அழுத்தமும் பார்த்துவிட்டுப் போகிறார். வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பைகூட இந்தத் திட்டத்தில் கொடுக்கிறார்கள். 2023இல் இதயம் காப்போம் திட்டம் வந்தது. மாரடைப்போடு வருகிறவருக்கு உடனே கொடுக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் வைத்திருக்கிறார்கள். அருமையான யோசனை. அதே மருந்துகள்தான் அண்ணனுக்கு மாதாமாதம் தேவைப்பட்டன. மாரடைப்பு வந்தவருக்குப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் கிடைப்பது, இரண்டாவது மாரடைப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு வீட்டில் கிடைக்க வேண்டாமா? எங்கள் தெருவுக்கு வரும் அக்காவின் பையில் பி.பி.க்கும் சர்க்கரைக்கும்தான் மாத்திரை இருக்கிறது.

தாய்லாந்தில் இதை வேறு வரிசையில் செய்தார்கள். 2002இல் நாடு முழுக்க வந்த அவர்களுடைய திட்டத்தில், ஒரு தடவை போனால் 30 பாத், புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் முதல் நாளிலிருந்தே உள்ளே. செலவு தாங்காது என்று டயாலிசிஸை வெளியே வைத்தார்கள், 2008இல்தான் சேர்த்தார்கள். டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் அந்த ஆறு வருடம் பட்ட பாட்டை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அவர்கள் அடியிலிருந்து கட்டினார்கள். நாம் காப்பீட்டில் உச்சியிலிருந்து தொடங்கினோம், பெரிய ஆபரேஷன் முதலில், காய்ச்சல், சர்க்கரை, ஸ்கேன், மாத்திரை எல்லாம் அப்புறம். எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு குடும்பம் வருடத்தில் எத்தனை தடவை ஆபரேஷனுக்குப் போகிறது, எத்தனை தடவை மெடிக்கலுக்குப் போகிறது?

நடுவில் இருப்பவர்கள் கதை தனி. அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு மாதச் சம்பளம் 21,000 வரைதான், 2017இலிருந்து அதே வரம்பு. மாதம் 23,000 வாங்கும் ஒரு சூப்பர்வைசருக்கு இரண்டும் இல்லை. சொந்தக் காசில் மெடிக்ளெய்ம் என்கிற மருத்துவக் காப்பீட்டை எடுக்கச் சொல்வார்கள், சரி, எடுத்தாலும் முன்பே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்று விதியே இருக்கிறது, மாதாமாத மாத்திரைக்குச் சாதாரண பாலிசி எதுவும் தருவதில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் அஞ்சு லட்சம் என்று 2024இல் மத்திய அரசு கொண்டுவந்ததும் படுக்கையில் சேர்ந்தால்தான்.

குறை சொன்னாலும் இ.எஸ்.ஐ. ஏற்பாட்டின் அடிப்படை எனக்குப் பிடிக்கும். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள், அதற்கு டிஸ்பென்சரியில் மாத்திரையும் உண்டு, பெரிய மருத்துவமனையில் ஆபரேஷனும் உண்டு, லீவு போட்டால் சம்பளத்தில் ஒரு பங்கும் உண்டு. சம்பளத்துக்குத் தக்கபடி கட்டு, நோய்க்குத் தக்கபடி எடுத்துக்கொள் என்பதுதான் நியாயமான ஏற்பாடு. அந்த 21,000 என்ற கோட்டை அழித்துவிட்டு, விருப்பப்பட்டவர்கள் அதே சதவீதத்தைக் கட்டிச் சேரலாம் என்று திறந்துவிட்டால் நான் முதல் ஆளாகச் சேர்வேன்.

அப்படியென்றால் எல்லாமே இலவசமா என்று கேட்பார்கள். இல்லை. டாக்டர் தேவை என்று எழுதியது எல்லாம் பொதுப் பணத்தில் வர வேண்டும், மருந்து, பரிசோதனை, ஆபரேஷன், அதன் பிறகான பிசியோதெரபி, வயதானவர்களுக்குக் கண்ணாடி, பல்செட் உட்பட. பல்லில்லாமல் கஞ்சி மட்டும் குடிக்கிற ஆத்தாக்களை நம் ஊரில் பார்க்காதவர் இருக்க முடியாது, அதை அழகுச் செலவு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தனி அறை, ஏ.சி., இன்ன டாக்டர்தான் வேண்டும் என்பது, ஒரு நோயும் இல்லாதவர் வருடாவருடம் செய்துகொள்கிற பெரிய பரிசோதனைகள், இவற்றுக்குக் காசு வாங்கட்டும். அரசு மருத்துவமனைகளிலேயே கட்டண வார்டு வந்துவிட்டது, அது தப்பில்லை, வார்டு மாறினால் வைத்தியம் மாறாது என்கிற வரைக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1976இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. காசு கட்டுகிறவர்களின் பணம் கட்ட முடியாதவர்களின் ஆபரேஷனுக்கும் உதவுகிறது. அறையில் வசதி கூடும் குறையும், கண்ணுக்குச் செய்கிற வேலையில் கூடுதல் குறைவு இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் நாம் ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேராகக் கையிலிருந்து கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதம், 2021-22இல் 39.4 சதவீதம் என்கிறது மத்திய அரசின் கணக்கு. குறைந்திருக்கிறது, நல்லது. மீதி இருக்கிற அந்த 39 ரூபாய் நோய் வந்த வீட்டிலிருந்து, நோய் வந்த மாதத்தில், வருமானம் நின்ற நேரத்தில் போகிறது. அதே பணத்தை வரியாகவும் சந்தாவாகவும் நல்ல நாளில் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதில் என்ன கஷ்டம்? ஸ்டென்ட் விலையையே எடுத்துக்கொள்ளுங்கள், 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு வைத்தது, மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று. அதற்கு முன் லட்சத்துக்கு மேல் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசு மனது வைத்தால் ஒரே உத்தரவில் விலை இறங்கும் என்று அன்று தெரிந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அட்டையில் சிகிச்சை முடிந்து ஆள் வெளியே வரும்போது, மருந்துப் பட்டியல் மருந்தின் பெயரிலேயே அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்கு வரும் பையில் அது இருக்க வேண்டும். கழகம் இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, வீடு வீடாகப் போகும் ஆள் இருக்கிறார்.

அது நடக்கிற வரை, உங்கள் வீட்டில் யாராவது தனியாரில் ஸ்டென்ட் வைத்து வந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவு ஓ.பி.க்கு ஒரு தடவை போய், இதே மருந்து இங்கே என்ன பெயரில் கிடைக்கும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிய மாத்திரை கைக்கு வரும் வரை பழையதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.