முற்று எங்கே?

ஜூன் 4

இலக்கணத்தை மறுபடி கையில் எடுத்தாகிவிட்டது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. 'குழந்தை பாலைக் குடித்தது.' பள்ளியில் படித்ததுதான், சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 6

'வந்தேன்.' ஒரே சொல், ஆனால் முழு வாக்கியம். 'நான்' என்பதை 'ஏன்' விகுதியே காட்டிவிடுகிறது. இதற்குப் பெயர் தோன்றா எழுவாய். 'அவர் மருத்துவர்' என்பதில் வினையே கிடையாது, அதுவும் முழுமைதான். பயனிலையை ஆறு வகையாகப் பிரிக்கும் தொல்காப்பியம் பெயரையும் வினாவையும் அதில் சேர்த்திருக்கிறது. அதனால் 'அவர் யார்?' என்பதிலும் குறையில்லை. வினை இல்லாமல் வாக்கியம் இல்லை என்று யாராவது சொன்னால் இனி நம்புவதாக இல்லை.

ஜூன் 9

எச்சம், அதாவது முடியாமல் தொக்கி நிற்கும் வினை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

'காலையில் எழுந்து, பல் துலக்கி, வேலைகளை முடித்துவிட்டு, அவசரமாகக் கிளம்பி, நிறுத்தத்துக்கு ஓடி.'

ஐந்து வினைகள் இருந்தும் வாக்கியம் ஆகவில்லை. அத்தனையும் இன்னொரு வினைக்காகக் காத்து நிற்கும் வினையெச்சம். வாய்விட்டுப் படித்தால் காது 'அப்புறம்?' என்று கேட்கிறது. 'ஓடி'யை 'ஓடினேன்' ஆக்கினால் போதும், அந்த ஒரு முற்று, அதாவது முடிந்த வினை, மற்ற நான்கையும் தாங்கிக்கொள்கிறது. பெயரெச்சமும் இப்படித்தான்: 'நேற்று வாங்கிய' என்றால் எதை என்று ஒரு பெயருக்காகக் காத்து நிற்கும்.

'வரவில்லை. மழை பெய்ததால்.' இப்படிப் புள்ளி வைத்து உடைப்பது இப்போது ஒரு பாணி. கதையில் அழுத்தத்துக்கு என்றால் சரி. விடுப்பு விண்ணப்பத்தில் எதற்கு?

ஜூன் 10

இன்று ஒன்றும் படிக்கவில்லை.

ஜூன் 13

'காய்கறிகளின் விலை ஏறின.' ஏறியது எது? விலை. அப்படியென்றால் 'ஏறியது' என்றுதான் முடிய வேண்டும். பக்கத்தில் நிற்கும் பன்மை பயனிலையைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. 'நண்பர்களில் ஒருவர் வந்தார்கள்' என்பதிலும் இதே கோளாறு. பயனிலையைப் பிடித்து 'யார்? எது?' என்று கேட்பதுதான் நல்ல வழி. வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் எழுவாய் அகப்பட்டுவிடும்.

ஜூன் 14

'அவன் வந்து நான் கிளம்பினேன்' இடிக்கிறது. 'அவன் வந்ததும் நான் கிளம்பினேன்' இடிக்கவில்லை. 'வந்து' போன்ற எச்சத்துக்கும் அதை முடிக்கும் முற்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுவாய் இருக்க வேண்டும். ஆனால் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. பெய்தது மழை, நிறைந்தது குளம். முன்னது காரணம், பின்னது காரியம் என்பதால் இங்கே விலக்கு. நாளைக்கு 'என்று' சேர்த்து எழுதும் கலவை வாக்கியங்கள்.