அன்று ஓடிய ஜெனரேட்டர்

2023இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. டர்பனில் நான் வேலை பார்த்த ஆய்வகத்திலும் தினமும் கரண்ட் போகும், ஜெனரேட்டர் ஓடும். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம்.

அப்போது மஞ்சளில் இருக்கும் குர்குமினைச் சோதித்துக்கொண்டிருந்தேன். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதிலுள்ள கொழுப்பும் ஆக்சிஜன் பட்டுச் சீக்கிரம் கெடும் வகை. ஓயாத மன அழுத்தம் அந்தச் சேதத்தைக் கூட்டுகிறது என்றால், அதைத் தடுக்கும் குர்குமின் போன்ற ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்து எலியின் பதற்றத்தைக் குறைக்க முடியுமா? இதுதான் கேள்வி. குர்குமின் தண்ணீரில் கரையாது என்பதால் எண்ணெயில் கலக்கி, குழாய் வழியாக வயிற்றுக்குள் கொடுப்போம். ஒப்பீட்டுக்கு இன்னொரு குழுவுக்கு வெறும் எண்ணெய்.

பதற்றத்தை அளக்க பிளஸ் மேஸ். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், கூட்டல் குறி போல ஒரு மேடை. இரண்டு பாதைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. 5 நிமிடத்தில் எலி திறந்த பாதையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம். பயந்த எலி சுவரை விட்டு வராது.

குர்குமின் எலிகள் தைரியமாக நடந்தன. எண்ணெய் எலிகள் மூலையிலேயே ஒடுங்கின. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் மூளைத் திசுவைச் சோதித்தோம். கொழுப்பு கெட்டிருந்தால் சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு ஏறும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இரு குழுவின் குழாய்களும் ஒரே சிவப்பு. நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தாலும் அதேதான்.

விலங்கறையைப் பார்த்துக்கொள்பவர் டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்காரர், வயதானவர். தமிழ் கொஞ்சம்தான் வரும். "தம்பி, எண்ணெய் எலி எல்லாம் ஜெனரேட்டர் வந்த பிறகுதானே?" என்றார்.

ஆமாம். குர்குமின் குழுவை முதலில் முடித்துவிட்டு, அடுத்ததை எடுத்தபோதுதான் கரண்ட் போனது. நமக்குக் கேட்காத மீயொலிகூட எலிக்குக் கேட்கும். அந்த இரைச்சல் அதற்கு எப்படி இருந்திருக்கும்! நான் அளந்தது மருந்தை அல்ல, ஜெனரேட்டரை. திரும்பச் சோதிக்கவும் வழியில்லை, மூளையை எடுத்தாயிற்று. ஒன்றுக்கும் உதவாமல் போன அந்த உயிர்கள் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது குழுக்களைக் கலந்து, சீட்டுக் குலுக்கித்தான் வரிசை போடுகிறேன். எந்தக் கூண்டுக்கு எது என்பது பெரியவருக்கு மட்டுமே தெரியும். கரண்ட் அடிக்கடி போன நாட்களில், அது போகும் நேர அட்டவணை கூண்டுப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அப்புறம், கை. வாலைப் பிடித்துத் தூக்கினால் பதற்றம் கூடும், குழாய்க்குள் நடக்கவிட்டோ கைகளைக் குவித்தோ எடுத்தால் குறையும் என்று ஹர்ஸ்ட்டும் வெஸ்ட்டும் 2010இல் சுண்டெலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து முதல் வாரம் மருந்தே கிடையாது, பழக்குவது மட்டும்தான்.

போன முறை ஐந்தாம் நாள், ஒரு எலி என் கோட்டுக் கைக்குள் மூக்கை நுழைத்து அப்படியே நின்றது. அதன் மூச்சு மணிக்கட்டில் பட்டது. அந்த வாரம் முடிந்த பிறகுதான் எண்ணெயைக் கலக்க ஆரம்பித்தேன்.