முதுகில் கொக்கி வைத்த சட்டை

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் சிறு நாடகக் குழு ஜார்ஜ் ஃபெய்தோ எழுதிய ‘லா ப்யூஸ் ஆ லொரேய்’ நாடகத்தைச் சற்றே சுருக்கி மூன்று மாலைகள் மேடையேற்றியது. எனக்கு அதில் வேடம் இல்லை. மேடையின் இடப்பக்க விங்கில், இருட்டில், பழுப்பு நிறச் சீருடைச் சட்டை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் பொறுப்பு. முதலாளி வேடத்தில் கதவு வழியே வெளியேறும் நடிகர், இரு கைகளையும் நீட்டியபடி ஓடிவந்து அந்தச் சட்டைக்குள் நுழைவார். நான் அவருடைய முதுகுப் பக்கம் போய் நான்கு கொக்கிகளை மாட்டுவேன். தொப்பியை அவரே கவிழ்த்துக்கொள்வார். நான் 17 எண்ணி முடிப்பதற்குள் அவர் பின்திரைக்குப் பின்னால் ஓடி, மறுபக்கத்து மாடிப்படியில் விடுதி வேலைக்காரனாக, தோள் தொங்க, வாய் சற்றே திறந்தபடி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். பொத்தான் வைத்த சட்டையோடு நடந்த முதல் ஒத்திகையில் 40 எண்ணியும் முடியவில்லை. அதன் பிறகுதான் தையற்காரர் சட்டையின் முதுகை வெட்டிக் கொக்கி வைத்துக் கொடுத்தார். முன்பக்கத்துப் பொத்தான்கள் வெறும் ஒப்புக்கு இருந்தன.

ஆள்மாறாட்ட நாடகங்களை, பிரகசனம் என்று நம் பழைய நாடக மேடை பெயரிட்டு வைத்திருந்த அந்த வகையை, எளிதான வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கொக்கிகள்தான் நினைவுக்கு வருகின்றன. கணவன், மனைவி, சந்தேகம், தவறான அறைக்குள் நுழையும் தவறான மனிதன் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். உண்மையில் அது தச்சு வேலையைப் போன்றது. ஒரு கதவு அரை நொடி தாமதமாகத் திறந்தால் முழுக் காட்சியும் சரிந்துவிடும்.

நாடகத்தின் தலைப்புக்குக் ‘காதில் ஒரு தெள்ளுப்பூச்சி’ என்று பொருள். ஒருவர் காதில் தெள்ளுப்பூச்சியை விடுவது என்றால் பிரெஞ்சில் சந்தேகத்தை மூட்டுவது; நாம் மனத்தில் முள் தைத்தது என்போம். 1907 மார்ச்சில் பாரிஸின் தெயாத்ர் தெ நூவோத்தே அரங்கில் இது முதன்முதலாக நடிக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பாரிஸ் கிளையை நடத்தும் ஷாந்தெபீஸின் வீட்டுக்கு ஒரு நாள் தபாலில் ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே, கால்சட்டையைத் தோளோடு பிடித்து நிறுத்தும் வார்கள். அனுப்பியது மினே காலான் என்ற விடுதி. பெயர் கெட்டுப்போன விடுதி. வார்கள் கணவனுடையவை என்பது மனைவி ரேமோந்துக்கு நன்றாகத் தெரியும். போதாக்குறைக்கு, கணவன் சில வாரங்களாகப் படுக்கையில் அவளை விட்டு விலகியே இருக்கிறான். இரண்டையும் கூட்டிப் பார்க்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

அவள் தன் தோழி லூசியெனைக் கொண்டு, முகம் தெரியாத ஒரு பெண் காதலோடு எழுதுவதைப் போல ஷாந்தெபீஸுக்கு ஒரு மணக்கும் கடிதம் எழுத வைக்கிறாள். சந்திக்கும் இடமாக அதே விடுதி குறிக்கப்படுகிறது. கடிதம் அழகனான தன் நண்பன் தூர்னெலுக்குப் போக வேண்டியது என்று நம்பும் ஷாந்தெபீஸ் அவனையே அனுப்பிவைக்கிறான். அத்தோடு நின்றிருக்கலாம். லூசியெனின் கணவனிடம் பெருமையாக அந்தக் கடிதத்தைக் காட்ட, தன் மனைவியின் கையெழுத்தை அடையாளம் கண்ட அந்த மனிதன் கைத்துப்பாக்கியோடு புறப்படுகிறான். விடுதியில் போஷ் என்ற குடிகார வேலைக்காரன் ஒருவன் இருக்கிறான்; பார்ப்பதற்கு அச்சு அசலாக ஷாந்தெபீஸ். இருவரையும் ஒரே நடிகர்தான் நடிக்க வேண்டும். என் சட்டை அந்தப் போஷுக்குரியது.

இந்தப் பின்னலில் உண்மையான குற்றவாளி யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வார்களை விடுதியில் விட்டுவந்தவன், ஷாந்தெபீஸ் அவற்றைத் தூக்கிக் கொடுத்திருந்த உறவுக்கார இளைஞன் கமீய். வீட்டுச் சமையற்காரியோடு அங்கே போகிறவனும் அவன்தான். அண்ணத்தில் குறை இருப்பதால் மெய்யெழுத்துகள் அவன் வாயில் வராது, உயிரெழுத்துகள் மட்டுமே வரும். ஆகவே அவன் சொல்வது யாருக்கும் விளங்காது. தவறு செய்த இந்த இருவரும் தப்பிவிடுகிறார்கள். தவறே செய்யாத கணவன் அடி வாங்குகிறான், உதை வாங்குகிறான், துப்பாக்கிக்கு அஞ்சி ஓடுகிறான். ரேமோந்தோ, தூர்னெலிடம் ஓரளவு மனம் சாய்ந்திருந்தவள். கணவன் தன்னை ஏமாற்றுகிறான் என்று எண்ணிய கணத்திலேயே அந்தச் சாய்வு அவளுக்குக் கசந்துபோகிறது. மனித மனத்தை இவ்வளவு நுட்பமாகக் கவனித்த ஒருவரை வெறும் சிரிப்பூட்டி என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓட்டத்துக்குக் காரணம் அச்சம். அந்த அச்சம் வெற்று அச்சமாகவும் இல்லை. அன்றைய பிரான்சில் அதற்குச் சட்டத்தின் பலம் இருந்தது. 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி, பிறரோடு உறவு கொண்ட மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவனுக்கோ, ஆசைநாயகியைக் குடும்ப வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்தால் மட்டும் 100 முதல் 2,000 பிராங்கு வரை அபராதம். மனைவியையும் அவளுடைய காதலனையும் தன் வீட்டில் கையும் களவுமாகப் பிடித்த கணவன் அங்கேயே கொன்றுவிட்டால், அந்தக் கொலைக்கும் சட்டம் சலுகை காட்டியது. இந்தப் பிரிவுகள் 1975 வரை ஏட்டில் இருந்தன. லூசியெனின் கணவன் கையில் துப்பாக்கியைப் பார்த்து முதல் நாள் பார்வையாளர்கள் சிரித்தபோது, இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த செய்தியாகவே இருந்திருக்கும்.

1816இல் ஒழிக்கப்பட்ட மணமுறிவு, 1884இல் நாக்கே என்ற அரசியல்வாதி முன்னின்று கொண்டுவந்த சட்டத்தின் மூலம் திரும்பி வந்தது. இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு அதில் வழியில்லை. ஒருவர் மற்றவரின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கக் காவல் அதிகாரி விடுதி அறையின் கதவைத் தட்ட வேண்டும். ஃபெய்தோவின் பெரிய நாடகங்கள் எல்லாம் இதற்குப் பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை. அவற்றில் திரும்பத் திரும்ப விடுதி அறையும் காவல் அதிகாரியும் வருவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. 1894இல் வந்த ‘லோத்தெல் த்யூ லீப்ர் எஷாஞ்ஜ்’ நாடகத்தில், ஒருவன் தன் நண்பனின் மனைவியோடு விடுதியில் இருக்கும்போது காவலர் நுழைகிறார்கள். பெயர் கேட்டதும் அவள் அவனுடைய மனைவியின் பெயரைச் சொல்கிறாள். அவன் அவளுடைய கணவனின் பெயரைச் சொல்கிறான். ஆளுக்கொரு பொய், இரண்டும் நல்லெண்ணத்தில் சொன்னவை. விளைவு, அவனுடைய மனைவியும் அவளுடைய கணவனும் விடுதியில் சேர்ந்து பிடிபட்டதாகக் காவல் குறிப்பில் ஏறிவிடுகிறது. ஆள்மாறாட்டம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சியை நான் எங்கும் படித்ததில்லை.

மினே காலானின் முதலாளி காவலர்களைச் சமாளிக்க ஒரு கருவியே செய்து வைத்திருக்கிறார். பொத்தானை அழுத்தினால் சுவரும் கட்டிலும் சேர்ந்து சுழலும். கட்டிலில் இருந்தவர்கள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் இருந்த இடத்தில் மூட்டுவலியால் முனகும் ஒரு கிழவர் படுத்திருப்பார். உதவிக்கு ஆள் அழைக்கும் மணி என்று நினைத்து ரேமோந்த் அந்தப் பொத்தானை அழுத்துகிறாள். எங்களிடம் சுழல்மேடை செய்யப் பணம் இல்லை. பலகைக்கு அடியில் நான்கு சக்கரம் வைத்து, இரண்டு தம்பிகள் தட்டிக்குப் பின்னால் இருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இரண்டாம் நாள் மாலை ஒரு சக்கரம் மின்கம்பியில் சிக்கிக்கொண்டது. ரேமோந்தாக நடித்த அக்கா பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நகரவில்லை. மீண்டும் அழுத்தினார். மூன்றாம் முறை அவருடைய விரல் நடுங்கியதை விங்கில் நின்ற நான் பார்த்தேன். அந்த நடுக்கம் நடிப்பு இல்லை. அரங்கில் சத்தமே இல்லாமல் போயிற்று. கம்பியை யாரோ காலால் தள்ளிவிட, கட்டில் ஒரு குலுக்கலோடு திரும்பி, கிழவர் தம் மூட்டுவலியோடு வந்து சேர்ந்தபோது எழுந்த சிரிப்பைப் போல் அந்த மூன்று நாட்களில் வேறொன்று எழவில்லை.

எங்கள் இயக்குநர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒத்திகை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஷாந்தெபீஸாக நடித்தவரிடம், “நீ சிரிப்பு மூட்டப் பார்க்காதே தம்பி. இந்தக் கதவு திறக்காவிட்டால் உன் குடும்பமே போய்விடும் என்று நினைத்துத் திற” என்பார். “சார், இது நகைச்சுவை நாடகம்தானே?” என்று அவர் கேட்டால், “அது பார்க்கிறவர்களுக்கு, உனக்கு இல்லை” என்பார். ஃபெய்தோ தம் நாடகங்களைத் தாமே இயக்கியவர். எந்த இடத்தில் யார் நிற்க வேண்டும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுத்திலேயே கட்டி வைத்தவர். ஓடுகிறவன் உண்மையாக ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு கணக்கும்.

1908க்குப் பிறகு அவர் கதவுகளைக் குறைத்துக்கொண்டார். 1910இல் எழுதிய ‘ஓன் பூர்ஜ் பேபே’ என்ற ஓரங்க நாடகத்தில், குழந்தைக்குப் பேதி மருந்து கொடுக்க வேண்டும் என்பதைத் தவிரப் பெரிய நிகழ்ச்சி ஏதும் இல்லை. பீங்கான் வியாபாரியான கணவன், படைவீரர்களுக்கான சிறுநீர்ச் சட்டிகளை அரசுக்கு விற்க ஒரு முக்கியமான மனிதரை அழைத்திருக்கிறான். மனைவி தலை வாராமல், கழிவுநீர் வாளியோடு அவன் படிக்கும் அறைக்குள் வந்து நிற்கிறாள். எப்ரீத் தீவுகள் எங்கே இருக்கின்றன என்று குழந்தை கேட்டுவிடுகிறது. ‘லே’ என்ற முன்சொல்லோடு சேர்த்துச் சொல்லும்போது நடுவில் இஸட் ஒலி எழுவதால், அந்தப் பெயரை அகராதியில் இஸட் எழுத்தில் தேடுகிறார்கள், பிறகு ‘இ’ எழுத்தில் தேடுகிறார்கள். ஒலிக்காத ‘எச்’ எழுத்தில்தான் அது இருக்கிறது என்பது கண்டுபிடிக்கப்படுவதற்குள் ஒரு சண்டையே நடந்து முடிந்துவிடுகிறது. வீட்டுச் சண்டைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. பேச வேண்டியதை விட்டுவிட்டு அகராதியைப் பிடித்துக்கொள்வோம்.

அந்தக் குறுநாடகங்களை ‘மணத்திலிருந்து மணமுறிவு வரை’ என்ற தலைப்பில் ஒரே தொகுப்பாகக் கொண்டுவர அவர் எண்ணியிருந்தார். அவற்றை எழுதிய காலத்தில் அவருடைய மணவாழ்வும் முறிந்துகொண்டிருந்தது. ஓவியர் கரோலுஸ் த்யூரானின் மகளை 1889இல் மணந்தவர், 1909இல் வீட்டை விட்டு வெளியேறிச் சேன் லசார் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒத்தெல் தெர்மினுஸ் விடுதியில் அறை எடுத்துத் தங்கினார். அங்கேயே ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டார். 1916இல் மணமுறிவு. 1919இல் மனநோய் முற்றி மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டு, 1921 ஜூனில் காலமானார். மேடையில் விடுதி அறைகளை அவ்வளவு கட்டியவர், சொந்த வாழ்க்கையின் ஒரு பெரும் பகுதியை விடுதி அறையில் கழித்ததை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஷாந்தெபீஸுக்கு மீண்டும் வருகிறேன். மனைவியிடமிருந்து அவன் விலகியிருந்ததற்குக் காரணம் வேறு பெண் இல்லை. ஓர் இரவு, தன்னால் முடியாமல் போய்விட்டால் என்ற எண்ணம் அவன் மனத்தில் புகுந்தது. அன்று முடியாமலே போயிற்று. அதிலிருந்து அந்த எண்ணமே அவனைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. இதை அவன் முதல் அங்கத்திலேயே குடும்ப மருத்துவரிடம் சொல்லிவிடுகிறான். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அவளிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் வார்களைப் பார்த்து அவள் குழம்பியிருக்க மாட்டாள், கடிதம் பிறந்திருக்காது, துப்பாக்கி வெளியே வந்திருக்காது, என் கையில் அந்தச் சட்டையும் இருந்திருக்காது. சொல்ல முடியாதவனை நான் குறை சொல்லவும் மாட்டேன். நம் வீடுகளில் எத்தனை ஆண்கள் அதை வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள்?

மூன்றாம் நாள் மாலை, கடைசி அங்கத்தில் எனக்கு வேலை முடிந்திருந்தது. சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு விங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழப்பம் தெளிந்து, கணவனும் மனைவியும் மேடையில் மிஞ்சுகிறார்கள். அவள் காதில் புகுந்த தெள்ளுப்பூச்சியை இன்று இரவே கொன்றுவிடுவதாக அவன் சொல்ல வேண்டும். பிறகு, முயன்றாவது பார்ப்பதாகத் தணிந்த குரலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாட்களும் எங்கள் நடிகர் அதை அரங்கைப் பார்த்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அன்று அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டார், படுதா இறங்கும் வரை விடவில்லை.