ஏழு புள்ளி, ஏழு கோடு

சேர்மானப் பாடத்தில் புதிர்போல ஒரு கணக்கு வரும். ஏழு பேரை மும்மூன்று பேராகக் குழுவாக்க வேண்டும். எந்த இருவரும் சரியாக ஒரே ஒரு குழுவில் சந்திக்க வேண்டும். விடை: 123, 145, 167, 246, 257, 347, 356. பரீட்சைக்கு அதோடு சரி. ஆட்களைப் புள்ளியாகவும் குழுக்களைக் கோடாகவும் பார்த்தால் இதுதான் ஃபானோ தளம் என்ற வடிவியல் அமைப்பு என்பதோ, இதற்குள் ஒரு வழு திருத்தும் குறிமுறை (அனுப்பும் வழியில் கெட்ட பிட்டைக் கண்டு சரிசெய்யும் முறை) இருப்பதோ வகுப்பில் பேச்சுக்கு வராது.

குழுவில் உள்ள இடங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 போடுங்கள். 123 என்பது 1110000. ஏழு குழுக்கள், அவற்றைத் தலைகீழாக்கிய ஏழு, முழுப் பூச்சியம், முழு ஒன்று: மொத்தம் 16 சொற்கள். அதாவது 7 பிட்டில் 4 பிட் செய்தி. பெல் ஆய்வுகூடத்தின் ஹமிங் 1950இல் வெளியிட்ட குறிமுறை இதுவே.

இரு குழுக்களுக்கு ஒரு புள்ளி பொது என்பதால் அவை 3+3−2=4 இடங்களில் வேறுபடும். ஒரு குழுவும் இன்னொன்றின் தலைகீழும் 3 இடங்களில். இரு சொற்கள் வேறுபடும் இடங்களின் எண்ணிக்கையே அவற்றின் தூரம்; இங்கே மிகக் குறைந்த தூரம் 3. ஒரு வழுவைத் திருத்த அது போதும். 1110000 அனுப்பி 1110100 வந்தால், 1 உள்ள இடங்களான 1, 2, 3, 5ஐத் துவித எண்ணாக்கி, மிகுதி கொண்டு செல்லாமல் கூட்டுங்கள். முதல் மூன்றும் ஒன்றையொன்று அழிக்கும், எஞ்சுவது 101. ஐந்தாம் பிட்டைப் புரட்டினால் சரி.

4, 5 இரண்டுமே கெட்டால்? கூட்டுத்தொகை 1 என்று வரும். நல்லாயிருந்த முதல் பிட்டைப் புரட்டிவிட்டு, வேறொரு செல்லுபடியான சொல்லை நம்பிக்கையோடு நீட்டும். எட்டாவதாக ஒரு சமநிலை பிட் (மொத்த 1களை இரட்டை எண்ணிக்கையாக்கும் பிட்) சேர்த்தால் இரட்டை வழுவைத் திருத்த முடியாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். ஃபானோவுக்கு அடுத்த பெரிய தளத்தில் 13 புள்ளி, 13 கோடு, கோட்டுக்கு 4 புள்ளி; இங்கும் இரு கோடுகளுக்கு ஒரு புள்ளி பொது. இரு கோடுகளின் தூரம் 6. பார்க்க அருமை. ஆனால் துவிதத்தில் கோடுகளைக் கூட்டிக்கொண்டே போனால் இரட்டை எண்ணிக்கையில் 1 உள்ள 4096 சொற்களும் வந்து குவியும்; தூரம் 2, ஒன்றையும் திருத்தாது. ஒரு புள்ளியூடாகச் செல்லும் கோடுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதை வகுக்கும் முதன்மை எண்ணில் வேலை செய்யவேண்டும். இங்கே அது 3; அதாவது 0, 1, 2 ஆகிய இலக்கங்களை வைத்து, கூட்டியதை 3ஆல் வகுத்த மீதியை எடுக்கவேண்டும். அப்போது 2187 சொற்கள், தூரம் 4.

24 புள்ளிகளில் எந்த ஐந்தும் ஒரே ஒரு எட்டுப் புள்ளிக் குழுவில் அடங்கும் அமைப்பில் 759 குழுக்கள். இரு குழுக்களுக்குப் பொதுவானவை 0, 2 அல்லது 4 புள்ளிகள்; ஆகவே தூரம் 8+8−8=8, மூன்று வழுக்கள் திருந்தும். இந்தக் குழுக்களைத் துவிதத்தில் கூட்டிக் கிடைப்பது கோலே குறிமுறை. அதில் அனுப்புவதில் பாதி காவலுக்கே போகிறது. வியாழன், சனியின் வண்ணப் படங்களுக்காக வொயேஜர் விண்கலங்கள் அந்த விலையைக் கொடுத்தன.