மூன்று வாள்களோடு வைட்ஃபீல்டுக்கு

காமிக்ஸ், கார்ட்டூன், வீடியோ கேம் ரசிகர்கள் கூடும் பெங்களூரு காமிக் கான் திருவிழாவுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஊதா வழித்தட மெட்ரோவில் வைட்ஃபீல்டு போகும் வண்டியில் ஏறி, சிவப்பு மேகம் போட்ட கறுப்பு அங்கிக்காரர்கள் எங்கே இறங்குகிறார்களோ அங்கே இறங்கிக்கொள்ளலாம். நாங்கள் அல்சூரில் ஏறும்போதே அப்படி இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'நரூட்டோ' என்ற ஜப்பானியத் தொடரில் வரும் வில்லன் கூட்டத்தின் உடுப்பாம் அது. இந்திராநகரில் ஒரு ஸ்பைடர்மேன் ஏறி, உட்கார இடமில்லாமல் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கே.ஆர்.புரம் தாண்டியதும் பேன்ட் சட்டையில் இருந்த எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

கூட வந்தவள் என் அக்கா மகள். கல்லூரியில் படிக்கிறாள். பச்சை விக், இடுப்பில் பச்சைத் துணி, அதில் செருகிய மூன்று வாள்கள். 'ஒன் பீஸ்' கதையில் வரும் ஸோரோ. 1997 முதல் ஜப்பானில் எய்ச்சிரோ ஓடா வரைந்துகொண்டிருக்கும் கடற்கொள்ளையர் கதை அது. ஸோரோ இரண்டு கைகளில் இரண்டு வாள், வாயில் ஒரு வாள் என்று சண்டை போடுவான். "வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு எப்படிப் பேசுவான்?" என்று கேட்டேன். "மாமா, அதெல்லாம் கேட்கக் கூடாது" என்றாள்.

அல்சூர் நிலையத்தில் பையைச் சோதிக்கும் இடத்தில் காவலர் அம்மா எங்களை நிறுத்தினார். "ஏனம்மா இது?" மருமகள் ஒரு வாளை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், பொதுக்கென்று அமுங்கியது. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று காலையில் அவர் எத்தனை வாள், எத்தனை கோடரி பார்த்தாரோ.

இந்த மெட்ரோவே இந்தப் பயணத்துக்கு ஒரு வரம். பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த துண்டு 2023 அக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முன்னால் ஊருக்குள்ளிருந்து வைட்ஃபீல்டு போவதென்றால் பாதி நாளைச் சாலைக்கே கொடுக்க வேண்டும். அதுவும் பச்சை விக்கோடு.

நான் முதல் நாளே வந்துவிட்டேன். தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸில் கோவில்பட்டியில் ஏறிப் படுத்தால் காலையில் பெங்களூரு. அக்கா வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் கறுப்பு ஃபோம் துணுக்கு, நாற்காலி மேல் சூடான காற்றை ஊதும் ஹீட் கன், ஜன்னல் ஓரத்தில் காயும் வாள் உறைகள். "ஒரு வாரமா இங்கதான்டா சாப்பாடு, இங்கதான் பெயின்ட்" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். ஆனால் இடுப்புத் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்தது அவள்தான் என்பது பிறகு தெரிந்தது.

இந்தச் செய்முறையை அன்று ராத்திரி உட்கார்ந்து கவனித்தேன். இப்படிக் கதாபாத்திரங்களின் வேடம் போடுவதற்குக் காஸ்பிளே என்று பெயர். கடையில் வாங்கி மாட்டிக்கொள்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியும் உண்டு. ஆனால் இதில் மதிப்பு கையால் செய்தவர்களுக்குத்தான். முக்கியமான பொருள் ஈ.வி.ஏ ஃபோம். உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் விரிக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பாய் இருக்கிறதே, அதே ரகம். வேண்டிய வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, ஃபோம் மேல் வைத்து, கட்டர் பிளேடால் வெட்ட வேண்டும். பிளேடு மழுங்கினால் ஓரம் பிய்ந்துவிடும், அதனால் அடிக்கடி மாற்றுகிறார்கள். ஹீட் கன் சூட்டில் ஃபோம் இளகும். அப்போது வளைத்துப் பிடித்து, ஆறும்வரை விடாமல் வைத்திருந்தால் அந்த வளைவு அப்படியே நிற்கும். அந்தச் சூட்டிலேயே மேலே இருக்கும் நுண்துளைகளும் மூடிக்கொள்ளும். ஒட்டுவதற்கு செருப்புக் கடைகளில் பயன்படுத்தும் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, உடனே ஒட்டாமல் சற்றுக் காயவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பிரிந்துவரும். நாற்றம் வேறு, ஜன்னலைத் திறந்து வைக்காமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

பெயின்ட்டை நேரே அடித்தால் ஃபோம் குடித்துவிடும். அதற்காகத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலுக்கு மேல் பூசிக் காயவைக்கிறார்கள். அப்புறம்தான் அக்ரிலிக் பெயின்ட். கடைசியில் பள்ளங்களில் கறுப்பைத் தேய்த்து, மேடுகளில் வெள்ளியை லேசாகத் தொட்டுவிட்டால், மூன்றடி தூரத்திலிருந்து பார்க்க இரும்பேதான்.

காமிக் கான் நடந்த கே.டி.பி.ஓ கண்காட்சி அரங்கு பெரியது. வாசலிலேயே கூட்டம் வளைந்து வளைந்து நின்றது. எங்கள் முன்னால் நின்ற பையனின் மார்புக் கவசம் முழுக்க ஃபோம். நடுவில் நீல விளக்கு எரிந்தது. ஸ்ரீராமபுரத்துப் பையன். தமிழ்க் குரல் கேட்டதும் திரும்பி, "அண்ணா, நீங்க தமிழா? பின்னாடி அந்த பெல்ட்டை கொஞ்சம் இழுத்து விடுங்கண்ணா" என்றான். விளக்கும் ஒயரும் எஸ்.பி. ரோட்டில் வாங்கியது, உள்ளே போட்டிருந்த துணி சிக்பேட்டையில் எடுத்தது, தைத்தது அவன் அப்பா. அப்பா தையல்காரர். "கல்யாண ஆர்டரை நிறுத்திட்டு இதைத் தெச்சாருண்ணா. திட்டிக்கிட்டேதான் தெச்சாரு." அந்த உடுப்பின் தோள் மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை.

எங்கள் பக்கம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டுவார்கள். முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளியாகவோ குரங்காகவோ போலீஸாகவோ ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். அந்த நேர்த்திக்கும் வைட்ஃபீல்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஒன்று மட்டும் அச்சு அசல் அதுவே. கனமான வேடம் போட்டவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு கூட்டாளி இருக்கிறார். தண்ணீர் பாட்டில் அவர் கையில். கிரீடம் சரிந்தால் நிமிர்த்துவது, வியர்வையைத் துடைப்பது, கூட்டத்தில் வழி விலக்குவது எல்லாம் அவர் வேலை. வேடம் போட்டவரை ஆயிரம் பேர் படம் எடுக்கிறார்கள். இவரை யாரும் எடுப்பதில்லை. நான் சிலரை எடுத்தேன், கேட்டுவிட்டுத்தான். காஸ்பிளே செய்பவரைத் தொடுவதற்கும் படம் எடுப்பதற்கும் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்பது இந்தக் கூட்டத்தின் எழுதாத சட்டம். என் அனுபவத்தில், கேட்டால் யாரும் மறுக்கவில்லை. அது மட்டுமல்ல, உடனே நிமிர்ந்து, அந்தப் பாத்திரத்தின் முறைப்போடு நிற்பார்கள்.

இந்தியாவில் காமிக் கானை ஜதின் வர்மா தொடங்கியது 2011-ல், டெல்லியின் தில்லி ஹாட்டில். பெங்களூருக்கு அடுத்த ஆண்டே வந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் நோட்வின் கேமிங் நிறுவனம் அதை வாங்கியது. வீடியோ கேம் போட்டிகள் நடத்தும் நிறுவனம் அது. அரங்கின் கணிசமான பகுதியில் கணினிகளும் கண்ட்ரோலர்களும் இருப்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தப் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். பெரிய திரைக்கு முன்னால் ஐம்பது பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். யார் யாரைச் சுடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. 'டெக்கன்' என்ற சண்டை வீடியோ கேம் ஆடும் இடத்தில் மட்டும் நின்றேன். ஒரு சின்னப் பையன், கால் தரையில் எட்டவில்லை, தாடி வைத்த அண்ணன்களை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்திக்கொண்டிருந்தான். தோற்றவர்கள் எழுந்து அவனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். வாடகைக்கு மணிக்கணக்கில் ஆடிய டிவி கேம் காலத்தில் எங்கள் ஊரில் தோற்றவன் கேசட்டைப் பிடுங்கிவிடுவான்.

அரங்கில் அதிகம் விற்பது டி-சர்ட், கீச்செயின், பொம்மை, போஸ்டர். காமிக் புத்தகம் தேடித்தான் போக வேண்டும். இதைக் குறையாகச் சிலர் சொல்கிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தத் திருவிழாவிலும் பலூன்தான் அதிகம் விற்கும். புத்தகம் வேண்டுமென்றால் நேரே ஓவியர்கள் வரிசைக்குப் போங்கள். நீளமான மேசைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் தன் புத்தகத்தைத் தானே வரைந்து, தானே அச்சடித்து, தானே விற்கும் ஒருவர். முதல் பக்கத்தில் பெயரைக் கேட்டு எழுதி, கூடவே ஒரு சின்னப் படம் வரைந்து தருகிறார்கள். ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தே ஒரு கேலிச்சித்திரம் போட்டார்; மீசை கொஞ்சம் தாராளம். இன்னொருவரிடம் ஒரு பக்கம் வரைய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். பென்சிலுக்கு ஒரு நாள், மைக்கு ஒரு நாள், வண்ணத்தைக் கணினியில் ராத்திரியில் என்றார். பகலில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலையாம். அரை மணி நேரத்தில் படித்து முடித்துவிடும் அந்த மெல்லிய புத்தகத்தைப் பிறகு நான் மெதுவாகத்தான் புரட்டினேன்.

தமிழ்ப் புத்தகம் ஏதாவது கண்ணில் படுமா என்று வரிசை முழுக்க நடந்தேன். படவில்லை. நான் சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரன், எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது சிவகாசியில்தானே. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்ததும் அங்கிருந்துதான். மாயாவி இங்கிலாந்துக்காரன், 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் பிறந்தவன், வரைந்தவர் ஹெஸுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இதெல்லாம் தெரியாது. மின்சாரம் தொட்டால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் என்பது போதுமானதாக இருந்தது. பிளக் பாயின்ட்டில் விரலை விடப் போய் அடி வாங்கியவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு.

இதை நான் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போஸ்டர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பினார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும், கையில் பேரனின் பை. "தம்பி, மாயாவியா சொன்னீங்க?" அவ்வளவுதான், அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. காக்ஸ் டவுனில் வீடு, தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் ராணி காமிக்ஸைக் கட்டுக்கட்டாக வாங்கிய கதையைச் சொன்னார். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் கதைகளை இன்றும் தபாலில் வரவழைத்துப் படிக்கிறாராம். "எங்க வீட்டம்மா சொல்லுவா, அந்தக் குதிரைக்காரனையே கட்டியிருக்கலாம்னு." பேரன் கையைப் பிடித்து இழுத்தான், அவனுக்கு போக்கிமான் அட்டை மாற்றிக்கொள்ளும் மேசைக்குப் போக வேண்டும். பெரியவர் போகும்போது மருமகளின் வாளைக் காட்டி, "இது யாரு கதைம்மா? தமிழ்ல வருதா?" என்று கேட்டார். புத்தகம் வரவில்லை என்றாள் அவள். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன்கள் பல தமிழ்க் குரலில் வருகிறது என்று இரண்டு மூன்று பெயர் சொன்னாள். அவர் பேரனின் போனில் குறித்துக்கொண்டார். சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழில் பார்த்து வளர்ந்தவள் அவள். அவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மாலையில் மேடையில் காஸ்பிளே போட்டி. நடுவர்கள் வேடத்தின் அழகோடு, எப்படிச் செய்தார்கள் என்பதையும் பார்க்கிறார்கள். ஸ்ரீராமபுரத்துப் பையன் ஏறியபோது மார்பு விளக்கு அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். அவன் அசரவில்லை, குனிந்து, கவசத்தைக் கழற்றி, உள்ளே ஒயர் போகும் வழியையும் அப்பா தைத்த உட்துணியையும் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினான். அன்றைக்கு நான் கேட்டதிலேயே பெரிய கைத்தட்டல் அதுதான். பரிசு வேறொருவருக்குப் போயிற்று; அட்டையும் ஃபோமும் வைத்து ஆறடிச் சிறகு செய்து, அதை விரித்து மடக்கவும் வழி செய்திருந்த ஒரு பெண்ணுக்கு. நியாயமான தீர்ப்பு என்றுதான் சொல்வேன். மருமகள் போட்டியில் சேரவில்லை. வாயில் வாளைக் கவ்விக்கொண்டு முந்நூறு பேரோடு படம் எடுத்ததில் தாடை வலி என்று மட்டும் சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். டிக்கெட்டோடு ஒரு காமிக் புத்தகமும் போஸ்டரும் தந்தார்கள். போஸ்டரைச் சுருட்டி வைக்க நீளமான அட்டைக் குழாய் ஒன்று கொண்டுபோவது நல்லது, ரயிலில் கசங்காது. தட்டையான செருப்பு போடுங்கள், நாள் முழுக்க சிமென்ட் தரை. ஓவியர்கள் மேசைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் அவர்களுக்கும் களைப்பு, நமக்கும் பொறுமை இருக்காது. சில்லறை கொஞ்சம் கையில் இருக்கட்டும், அவ்வளவு கூட்டத்தில் போன் இணைப்பு தடுமாறும்.

2024-ல் சென்னை நந்தம்பாக்கத்திலும் காமிக் கான் நடந்தது. அடுத்த தடவை அங்கே போகலாம் என்று மருமகள் திரும்பி வரும்போதே திட்டம் போட்டுவிட்டாள். அவளுக்கு அடுத்த வேடம் மாயாவியாம், வலது கைக்கு மட்டும் ஃபோம் போதும், செலவு குறைவு என்கிறாள். ரயில் டிக்கெட்டும் ஹீட் கன்னும் மாமா கணக்காம்.